முதல் கஸ்டம் லூப்: ரேடியேட்டரில் தொடங்கி பிளாக்கில் முடிக்கலாம்

"கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் போடப் போறேன், எந்த சிபியூ பிளாக் நல்லது?" கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும். பளபளன்னு நிக்கல் பூச்சு, கண்ணாடி மாதிரி மூடி, உள்ளே விளக்கு. படத்தில் முதலில் கண்ணில் படுவது அதுதான், அதனால் கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெயர் தெரிந்த கம்பெனிகளின் பிளாக்குகளை வரிசையாக வைத்து அளந்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சில டிகிரி வித்தியாசம் வரும், அவ்வளவுதான். ஒரு லூப் சத்தமில்லாமல் ஓடுமா, மூன்று வருஷம் தாங்குமா என்பதெல்லாம் ரேடியேட்டரின் பரப்பு, அது உட்காரும் கேபினட், உள்ளே எந்தெந்த உலோகம் இருக்கு என்ற மூன்றில் முடிவாகிவிடும். அதனால் பொருள் தேர்வை நான் அந்த முனையிலிருந்து எழுதுகிறேன். பிளாக் கடைசியில் வரும்.

கடையில் பெட்டியோடு வரும் மூடிய கூலர் வேறு, இது வேறு. கஸ்டம் லூப் என்றால் பம்ப், ரிசர்வாயர், ரேடியேட்டர், பிளாக், குழாய் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி நாமே இணைத்து, நாமே தண்ணீர் ஊற்றுவது. செலவும் வேலையும் பல மடங்கு. இது எதற்குப் பயன், எதற்குப் பயனில்லை என்பதை முதலிலேயே பார்த்துவிடலாம்.

பேச்சுக்கு ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம்: ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு. புதுசு இல்லைதான், ஆனால் இன்னமும் நிறைய பேர் கையில் இருக்கும் ஜோடி. பிராசஸரின் சாக்கெட் மின் வரம்பு 142 வாட், கார்டு 320 வாட். பிராசஸரில் கணக்குப் போடும் சில்லு கிட்டத்தட்ட 81 சதுர மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நகம் அளவு. அந்த 142 வாட்டில் பெரும்பகுதி அந்த நகத்திலிருந்துதான் கிளம்பணும், அதுவும் மேலே ஒட்டியிருக்கும் உலோக மூடியைக் கடந்து. நெரிசல் அங்கேயே ஆரம்பித்துவிடுவதால், மூடிக்கு மேலே நீங்கள் எவ்வளவு நல்ல பிளாக் வைத்தாலும் பலன் கொஞ்சம்தான். கார்டின் கதை வேறு. அதன் சில்லு 628 சதுர மில்லிமீட்டர், மூடி கிடையாது, பிளாக் நேராகச் சில்லின் மேலேயே உட்காரும். சூடும் அதிகம், அது வெளியேறும் வழியும் அகலம்.

எனவே என் கருத்து இது. பிராசஸருக்கு மட்டும் கஸ்டம் லூப் போடுவது பணத்துக்கு நியாயமில்லை. பெரிய காற்றுக் கூலரோ 360 மூடிய கூலரோ அதே வேலையைச் செய்துவிடும். கார்டையும் சேர்ப்பதாக இருந்தால் மட்டும் மேலே படிங்க.

சரி, சூடு எவ்வளவுன்னு பார்ப்போம். 142-உம் 320-உம் சேர்த்தால் 462 வாட். கேம் ஆடும்போது இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவது அபூர்வம். ஆனாலும் கணக்கை உச்சத்துக்கே போடுவது நல்லது, மிச்சமெல்லாம் அமைதியாகத் திரும்பி வரும்.

இந்தச் சூட்டைத் தண்ணீர் விழுங்கிவிடாது. ஓரிடத்தில் ஏற்றிக்கொண்டு இன்னோரிடத்தில் இறக்கும், லாரி மாதிரி. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4186 ஜூல் வேணும். லூப்பில் நிமிஷத்துக்கு 3.8 லிட்டர் ஓடினால் (அமெரிக்கக் கணக்கில் ஒரு கேலன், இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் அளவு அதுதான்) நொடிக்கு 63 கிராம். 462 வாட்டை அதில் ஏற்றினால் தண்ணீரின் சூடு 1.75 டிகிரிதான் உயரும். அதாவது லூப்பின் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் இரண்டு டிகிரிகூட வித்தியாசம் இல்லை.

இந்த ஒரு எண் பல வாக்குவாதங்களை முடித்துவிடும். பிராசஸர் முதலா கார்டு முதலா, நடுவில் ஒரு ரேடியேட்டர் வைக்கணுமா என்று கேட்டால், குழாய் எப்படிச் சுருக்கமாக, மடியாமல் போகுமோ அப்படி வையுங்கள். ஒரே ஒரு விதி மட்டும் உண்டு. ரிசர்வாயர் பம்புக்கு முன்னால், பம்பின் வாயைவிட உயரத்தில் இருக்கணும். பம்பை இன்னும் பெரிதாக்கி ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் என்ன கிடைக்கும்? அந்த 1.75 டிகிரி பாதியாகும், பிளாக்கின் உள்ளே தண்ணீர் கொஞ்சம் நன்றாகச் சூட்டை வாங்கும். மொத்தத்தில் ஓரிரு டிகிரி. அதற்குக் கொடுக்கும் விலை பம்பின் ரீங்காரம்.

இறக்கும் இடம்தான் கஷ்டம். தண்ணீரிலிருந்து சூட்டைக் காற்று வாங்கிக்கணும், காற்று சூட்டைச் சுமப்பதில் சோம்பேறி. 462 வாட்டை எடுத்துக்கொண்டு காற்று பத்து டிகிரி சூடாகி வெளியேறணும்னா நொடிக்குக் கிட்டத்தட்ட 38 லிட்டர் காற்று ரேடியேட்டர் வழியே போகணும். காற்று தண்ணீரைவிடச் சூடாக வெளியே வர முடியாது என்பதால், தண்ணீரை அறை வெப்பத்துக்குப் பத்து டிகிரி மேலே நிறுத்தணும்னா இதைவிட இன்னும் அதிகம் தேவை. நல்ல 120 மி.மீ. ஃபேன் ஒன்று, எதிரில் தடை ஏதும் இல்லாமல் முழு வேகத்தில் ஓடினால் நொடிக்கு 26, 28 லிட்டர் தள்ளும். ரேடியேட்டரின் தகடுகளை எதிரில் வைத்து, காதுக்கு உறுத்தாத பாதி வேகத்தில் ஓட்டினால் அதில் பாதிக்கும் கீழே போய்விடும். வாய்பாடு தேவையில்லை, எத்தனை ஃபேன் வேணும்னு இப்போதே ஊகிக்கலாம்.

பழக்கத்தில் இருக்கும் தோராயக் கணக்கும் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது: 100 வாட்டுக்கு ஒரு 120 மி.மீ. கட்டம். நம்ம 462 வாட்டுக்கு ஐந்து கட்டம், அதாவது ஒரு 360-உம் ஒரு 240-உம். ஒரே 360-இல் அடக்கினாலும் மெஷின் செத்துப்போகாது, ஆனால் ஃபேன்கள் கத்தும். காற்றுக் கூலரின் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தானே இவ்வளவு பாடு? இரண்டு 360 வைக்க இடமிருந்தால் அதுவே என் தேர்வு.

அளவுகளைப் பெயரை வைத்து ஒப்பிடாதீங்க, பரப்பை வைத்து ஒப்பிடுங்க. 240 என்றால் 120-க்கு 120 இரண்டு கட்டம், 28,800 சதுர மி.மீ. 280 என்றால் 140-க்கு 140 இரண்டு, 39,200. 360 என்றால் 43,200. ஆக 280 ஏறக்குறைய 360-இன் தம்பி, 240-இன் அண்ணன் இல்லை. 360 நுழையாத கேபினட்டில் 280 நுழைந்தால் சந்தோஷமாக வாங்கலாம். தடிமன் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. 30 மி.மீ., 45, 60 என்று கிடைக்கும். தடித்த ரேடியேட்டர் வேகமான ஃபேன்களோடுதான் தன் பலத்தைக் காட்டும். மெதுவாக ஓட்டப்போகிற முதல் லூப்புக்கு 30 மி.மீ. போதும், மிச்சமாகும் இடம் கை நுழைக்க உதவும். தகடுகள் அங்குலத்துக்கு எத்தனை என்பதையும் பாருங்கள். நெருக்கமான தகடு வேக ஃபேன் கேட்கும், தூசியையும் சீக்கிரம் பிடிக்கும். ஃபேன் வாங்கும்போது விளம்பரத்தில் உள்ள காற்றளவைவிட, தடையை எதிர்த்துத் தள்ளும் நிலை அழுத்தம் முக்கியம்.

இப்போ கேபினட். ரேடியேட்டர் 30, ஃபேன் 25, மொத்தம் 55 மி.மீ. கூரையில் பொருத்தினால் இந்த 55 மி.மீ. மதர்போர்டின் மேல் விளிம்பில் உள்ள ஹீட்சிங்கிலோ உயரமான ரேமிலோ முட்டும். முன்பக்கம் பொருத்தினால் கார்டின் நீளத்திலிருந்து கழியும். "360 ஏற்கும்" என்று கேபினட் பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். மேலேயும் முன்னாலும் ஒரே சமயத்தில் ஏற்குமா, எவ்வளவு தடிமன் வரை என்பது மேனுவலில்தான் இருக்கும். ரேடியேட்டரின் நீளமும் 360 இல்லை. இரண்டு முனையிலும் தண்ணீர் திரும்பும் தொட்டிகள் சேர்ந்து 390, 400 மி.மீ. வரை போகும். லியான் லியின் ஓ11 டைனமிக் 2018-இல் வந்தபோது லூப் கட்டுபவர்கள் அதன் மேல் விழுந்ததற்குக் காரணம் மூன்று 360 ரேடியேட்டர் வரை அதில் உட்காரும் என்பதுதான். இருக்கும் கேபினட்டையே வைத்துக்கொள்ள ஆசையா? ஒரு ஸ்கேலும் அட்டையும் எடுத்து, ரேடியேட்டர் அளவுக்கு அட்டைப் பெட்டி செய்து உள்ளே வைத்துப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லை.

உலோகத்துக்கு வருவோம். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் மெதுவாக, வெளியே தெரியாமல்.

பிளாக்குகளின் அடித்தகடு தாமிரம், சிலதில் மேலே நிக்கல் பூச்சு. ஃபிட்டிங்குகள் பித்தளை, அதன்மேல் நிக்கலோ குரோமோ. நல்ல ரேடியேட்டர்களின் உட்புறம் தாமிரமும் பித்தளையும். இவை ஒரே தண்ணீரில் பிரச்சினையில்லாமல் குடித்தனம் நடத்தும். அலுமினியம் உள்ளே வந்தால் சண்டை. மின்வேதியியல் அட்டவணையில் தாமிரம் +0.34 வோல்ட், அலுமினியம் −1.66 வோல்ட், இரண்டு வோல்ட் இடைவெளி. இரண்டையும் ஒரே திரவத்தில் வைத்தால் கிட்டத்தட்ட ஒரு பேட்டரி, அதில் கரைந்துபோகிறவர் அலுமினியம். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தாலும் தப்ப முடியாது. கரைந்த தாமிர அயனிகள் தண்ணீரோடு பயணம் செய்து அலுமினியத்தின் மேல் படிந்து அங்கே குழி தோண்டும். அரிப்பில் கிளம்பும் வெள்ளைக் கசடு கார்டு பிளாக்கின் நுண்ணிய தகடுகளுக்கு நடுவே போய் அடைக்கும். குழி ஆழமானால் ரேடியேட்டரே கசியும்.

"மூடிய கூலர்கள்ல அலுமினிய ரேடியேட்டரும் தாமிரத் தகடும்தானே இருக்கு?" என்று கேட்கலாம். சரிதான், பெரும்பாலானவற்றில் அப்படித்தான் இருக்கு. அதைத் தொழிற்சாலையில் அரிப்புத் தடுப்பான் கலந்த திரவம் ஊற்றி மூடிவிடுகிறார்கள், அந்தக் கூலரின் ஆயுள் வரைக்கும் தாங்கினால் போதும் என்ற கணக்கு. நாம் திறந்து, கழுவி, மறுபடி ஊற்றும் லூப்பில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எனவே பழைய மூடிய கூலரின் ரேடியேட்டரை வெட்டி எடுத்துச் சேர்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஆன்லைனில் மிக மலிவாக வரும் ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம்தான். எல்லாவற்றுக்கும் கறுப்பு பெயின்ட் என்பதால் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விவரப் பட்டியலில் தாமிரம், பித்தளை என்று எழுதியிருக்கணும், எடையும் கொடுத்திருக்கணும். தாமிரம் அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தி, அதனால் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். ஏதும் எழுதாத பொருள் எனக்கு வேண்டாம்.

பம்பில் யோசிக்க அதிகம் இல்லை. லைங் நிறுவனத்தின் வடிவமைப்பில் வந்த டி5, டிடிசி என்ற இரண்டைச் சுற்றியே இந்த உலகம் ஓடுகிறது. வேறு வேறு கம்பெனிகள் தங்கள் பெயரில் விற்பதும் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான். டிடிசி சின்னது, தண்ணீரை உயரத்துக்குத் தள்ளும் திறன் அதிகம், ஆனால் சூடாகும், கொஞ்சம் சத்தமும் போடும். டி5 பெரியது, அமைதியானது. இரண்டு பிளாக், இரண்டு ரேடியேட்டர் உள்ள லூப்புக்கு டி5-இன் நடு வேகமே போதும். ரிசர்வாயரோடு சேர்ந்தே வரும் வகையை வாங்கினால் இணைப்பும் குறையும், பம்புக்கு முன்னால் ரிசர்வாயர் என்ற விதியும் தானாக நிறைவேறும். வேகத்தை மதர்போர்டிலிருந்து மாற்ற பிடபிள்யூஎம் வகை. பம்பின் பேரிங்குக்கு எண்ணெய் கிடையாது, ஓடும் தண்ணீரே அதற்கு உயவு. ஆகவே தண்ணீர் இல்லாமல் சில நொடிகூட ஓட்டிப் பார்க்கக் கூடாது.

குழாய். கண்ணாடி மாதிரி நேர்கோடாக வளைந்து நிற்கும் கடினக் குழாய் படங்களில் அழகு. முதல் லூப்புக்கு வேண்டாம் என்பேன். சூடுகாட்டி வளைக்கணும், மில்லிமீட்டர் தப்பினால் வெட்டி எறியணும், நாளைக்கு ஒரு ரேம் மாற்றவும் லூப்பையே கழற்ற நேரலாம். அந்த வகையில் பெட்-ஜி குழாய்க்கு இன்னொரு குறையும் உண்டு. தண்ணீர் 60 டிகிரியை நெருங்கினால் இளகி, ஃபிட்டிங்கிலிருந்து நழுவப் பார்க்கும். மென்குழாயிலும் ஒரு தேர்வு இருக்கு. ஒளி ஊடுருவும் பிவிசி குழாயில் வளைவதற்காகச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் மாதக்கணக்கில் மெல்லக் கசிந்து, குழாய் மங்கி, பிளாக்கில் பிசுபிசுப்பாகப் படியும். ஈபிடிஎம் என்ற கறுப்பு ரப்பர் குழாயில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே தண்ணீர் தெரியாது, வண்ணமும் தெரியாது. அதனாலேயே பலர் ஒதுக்குகிறார்கள், நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. வகை எளிதில் மடியாது.

ஃபிட்டிங் அதே 10/16-ஆக இருக்கணும். 10/13 ஃபிட்டிங்கில் 10/16 குழாய் நுழையாது. மறுமுனையில் எல்லாப் பொருளுக்கும் ஒரே மரை, ஜி 1/4. நம்ம ஊர் பிளம்பர் கைக்குப் பழகிய பிஎஸ்பி குடும்பம்தான், ஆனால் அவர் பழக்கப்படி டெஃப்ளான் டேப் சுத்தக் கூடாது. இங்கே மரை தண்ணீரைத் தடுப்பதில்லை, அடியில் இருக்கும் ஓ-ரிங் தடுக்கிறது. கையால் முடிந்தவரை திருகினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அக்ரிலிக் மூடி விரிசல் விடும்.

எண்ணிக்கையை வாங்கும் முன்பே தாளில் வரையுங்கள். இரண்டு பிளாக், இரண்டு ரேடியேட்டர், பம்ப்-ரிசர்வாயர் ஜோடி என்று ஐந்து பொருள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய், பத்து ஃபிட்டிங். நெருக்கமான இடங்களுக்கு 90 டிகிரி திருப்பி மூன்று நான்கு. லூப்பின் மிகத் தாழ்ந்த புள்ளியில் ஒரு டி-இணைப்பும் பந்து வால்வும் அடைப்பானும். தண்ணீரை மாற்றும் நாளில் இந்த வால்வு இல்லையென்றால் கேபினட்டையே கவிழ்க்க வேண்டியிருக்கும். உபரியாக இரண்டு ஃபிட்டிங். இவை தெருமுனைக் கடையில் கிடைக்கும் பொருள் இல்லையே, ஒன்று குறைந்தாலும் பார்சல் வரும்வரை மெஷின் பிரித்துப் போட்டபடி கிடக்கும்.

தண்ணீர். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதுவும் ஆகாது, எல்லாவற்றிலும் உப்பு உண்டு. வெறும் வாலைவடி நீரும் போதாது, அரிப்புத் தடுப்பானும் பாசி தடுப்பானும் வேணும். முதல் தடவை கலந்தே விற்கும் நிறமற்ற கூலன்ட் வாங்குவது வசதி. பால் மாதிரி ஒளிபுகாத வண்ணத் திரவங்களில் நுண்துகள்கள் மிதக்கின்றன, அவை ஒருநாள் பிளாக்கில் படியும். "மின்சாரம் கடத்தாது" என்ற வாசகத்தை நம்பித் துணிச்சல் வேண்டாம். ரேடியேட்டரில் ஓடி உலோக அயனிகளைச் சேர்த்த பிறகு எந்தத் திரவமும் கொஞ்சம் கடத்தும். பல கூலன்ட்களில் கிளைக்கால் இருக்கு, குழந்தைகள், நாய் பூனை எட்டாத இடத்தில் வைக்கணும். புது ரேடியேட்டருக்குள் பற்றவைப்பின் எச்சம் இருக்கும். வெந்நீர் விட்டுக் குலுக்கி, பிறகு வாலைவடி நீரால் அலசிவிட்டுப் பொருத்துங்கள்.

கடைசியாக பிளாக். பிராசஸர் பிளாக்கில் சாக்கெட் பொருந்துகிறதா என்பதே கேள்வி. ஏஎம்4-க்கும் ஏஎம்5-க்கும் பொருத்தும் துளைகள் ஒன்றே. இன்டெலில் எல்ஜிஏ1200-இன் 75 மி.மீ. இடைவெளி 1700-இல் 78 ஆனது, பழைய பிடிப்பான் சேராது. கார்டு பிளாக்தான் ஆபத்தான கொள்முதல். "3080-க்கு" என்று தேடி வாங்கக் கூடாது. ஒரே 3080-ஐ ஒவ்வொரு கம்பெனியும் வேறு சர்க்யூட் போர்டில் செய்திருக்கும், என்விடியாவின் சொந்த ஃபவுண்டர்ஸ் எடிஷன் போர்டு இன்னும் தனி. கார்டின் முழு மாடல் எண்ணை பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் வைத்துப் பாருங்கள், பட்டியலில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மெமரியின் மேல் வைக்கும் தெர்மல் பேடின் தடிமன் அரை மி.மீ. மாறினாலும் சில்லுக்கும் பிளாக்குக்கும் நடுவே இடைவெளி விழும். கழற்றும் ஒரிஜினல் கூலரை, ஸ்குரூ உள்பட, பத்திரப்படுத்துங்கள். வாரன்டி என்னவாகும் என்பதைக் கழற்றும் முன்பே கேட்டு வைப்பது நல்லது.

ஒரு சின்னப் பொருளைப் பெரும்பாலும் பட்டியலில் சேர்க்க மாட்டாங்க: தண்ணீரின் வெப்பத்தை அளக்கும் சென்சார். பத்து கிலோ-ஓம் தெர்மிஸ்டர் ஒன்று ஃபிட்டிங் வடிவத்தில் வரும், மதர்போர்டில் இரண்டு பின் சென்சார் இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிராசஸரின் வெப்பம் நொடிக்கு நொடி துள்ளும், அதைப் பார்த்து ஃபேனை ஓட்டினால் ஃபேனும் துள்ளும். தண்ணீரோ கனமானது. ஒரு லிட்டர் தண்ணீர், 462 வாட், குளிர்விப்பே இல்லை என்றாலும் நிமிஷத்துக்கு ஏழு டிகிரிக்குள்தான் ஏறும். ஃபேன்களைத் தண்ணீரின் வெப்பத்துக்குக் கட்டினால் அவை ஏறுவதும் இறங்குவதும் காதுக்கே தெரியாது.

நம்ம வெயிலுக்கு இது இன்னும் தேவை. தண்ணீர் ஒருபோதும் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது. வெளிநாட்டு வீடியோவில் அறை 21 டிகிரி, தண்ணீர் 31. மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறை 36 என்றால் அதே லூப்பில் தண்ணீர் 46. டி5 பம்புக்குத் திரவ வெப்ப வரம்பு 60. 46 என்பது பயப்படும் எண் இல்லை, ஆனால் ரேடியேட்டரில் ஒரு கட்டத்தை மிச்சம் பிடித்திருந்தால் அது இன்னும் ஏறும். நான் சென்சாரில் 55-க்கு அலாரம் வைக்கச் சொல்வேன்.

எல்லாம் இணைத்த பின், தண்ணீர் ஊற்றும் முன், கைப்பம்பும் அழுத்தமானியும் உள்ள கசிவு சோதனைக் கருவியால் காற்று அடைத்து முள் இறங்குகிறதா என்று கால் மணி நேரம் பாருங்கள். தண்ணீரைவிடக் காற்று கசிவது பரவாயில்லை. பிறகு மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் மின் இணைப்புகளை எடுத்துவிட்டு, 24 பின் கனெக்டரில் பவர் சப்ளையைத் தனியாக எழுப்பும் ஜம்பரைச் செருகி, பம்ப் மட்டும் ஓடும்படி வைத்து நிரப்பணும். ரிசர்வாயரை நிரப்பு, சில நொடி ஓட்டு, காலியாகும் முன் நிறுத்து, மறுபடி நிரப்பு. கேபினட்டை லேசாகச் சாய்த்தால் ரேடியேட்டரில் மாட்டிய காற்றுக் குமிழிகள் வெளியே வரும். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர் விரித்து, ஓர் இரவு ஓடவிடுங்கள். காலையில் எல்லாக் காகிதமும் காய்ந்திருந்தால் மின் இணைப்புகளைத் திரும்பப் போடலாம்.